எக்ஸெல்லில் வடிவமைப்போம் ஒரு பேட்டரி இம்பாக்ட் டிரைவர்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்ஸெல் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது கடைக் கணக்குப் போடுபவர்களுக்கு; நமக்கு எதற்கு?" என்பார்கள். இந்தக் கட்டுரையில் எக்ஸெல்லைக் கொண்டு கடைக் கணக்கு போடப் போவதில்லை. பேட்டரியில் இயங்கும் ஒரு கருவியை வடிவமைத்துப் பார்க்கப் போகிறோம். இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். அதையும் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. கீழே சொல்லப்படும் எல்லாம் அதிலும் அப்படியே செயல்படும்.

ஏன் இந்தக் கருவி?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். மின் கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அத்தகைய நாட்களில்தான் கூரைத் தகரத்தை மீண்டும் பொருத்தும் வேலையும் வந்து சேரும். கரண்ட் இல்லாத இடத்தில் பிளக் செருகும் டிரில் எதற்கு உதவும்? பேட்டரி கருவியின் அருமை அப்போதுதான் தெரியும்.

வல்லத்திராக்கோட்டையில் தச்சு வேலையோ கூரை வேலையோ செய்யும் ஒருவர் இப்படி ஒரு கருவி வாங்கப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்று இருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் 48, இன்னொன்றில் 88. எண் பெரிதாகப் பெரிதாக, விலையோ குறைந்து கொண்டே போகிறது! எதை நம்புவது? பல நாள் கூலியைப் போட்டு வாங்கும் பொருள். வாங்கிய பிறகு ஏமாந்தோம் என்று தெரிந்து பயனில்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், கடைக்குப் போகும் முன்னரே இந்த எண்களைச் சோதித்துவிடலாம். அதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

அழுத்தாதே, தட்டு!

முதலில் கருவியின் அடிப்படையைப் புரிந்து கொள்வோம். சைக்கிள் கடையில் துருப்பிடித்த நட்டு ஒன்று கழல மறுக்கிறது. மெக்கானிக் என்ன செய்கிறார்? ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் கொடுத்து அழுத்திப் பார்க்கிறார். அசையவில்லை. உடனே சுத்தியலை எடுத்து ஸ்பேனரின் முனையில் இரண்டு தட்டு தட்டுகிறார். நட்டு கழன்றுவிடுகிறது.

கையின் பலம் கூடிவிட்டதா? இல்லை. கை மெதுவாகக் கொடுத்த சக்தியைச் சுத்தியல் தன் வேகத்தில் சேர்த்து வைத்துக் கொண்டு, மிகமிகக் குறுகிய நேரத்தில் நட்டின் மீது இறக்கிவிட்டது. நேரம் குறையும்போது விசை கூடுகிறது. இதுதான் முழு ரகசியமும். டயர் கடையில் லாரிச் சக்கரத்தின் நட்டை "டகடகடக" என்ற சத்தத்துடன் கழற்றும் ஏர் கன்னைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே காற்று அழுத்தம்; நம் கருவியில் பேட்டரி.

உள்ளே என்ன இருக்கிறது?

இம்பாக்ட் டிரைவரின் உள்ளே பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வரிசையாக இவை இருக்கும். முதலில் மோட்டார். அடுத்து, வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் பல்சக்கரங்கள். அதனுடன் இணைந்த ஒரு தண்டு. அந்தத் தண்டின் மீது, கனமான எஃகு வளையமாக ஒரு சுத்தியல். அதைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளிக் கொண்டிருக்கும் ஒரு ஸ்பிரிங். எல்லாவற்றுக்கும் முன்னால், ஸ்குரூ பிட் மாட்டப்படும் பட்டறைக்கல் பகுதி. கொல்லர் பட்டறையில் அடியை வாங்கிக் கொள்ளும் கல் போல, இதுவும் அடி வாங்குவதற்கென்றே அமைந்தது. சுத்தியலின் முகத்திலும் பட்டறைக்கல்லிலும் இரண்டிரண்டு காதுகள் நீட்டிக் கொண்டிருக்கும்.

ஸ்குரூ எளிதாக இறங்கும்போது, இந்தக் காதுகள் ஒன்றையொன்று தள்ளிக் கொண்டு சேர்ந்தே சுற்றும். அப்போது அடி எதுவும் இல்லை. சாதாரண டிரில் போலத்தான் ஓடும். ஸ்குரூ இறுகியதும் பட்டறைக்கல் நின்றுவிடும். ஆனால் மோட்டார் நிற்காது. தண்டில் வெட்டப்பட்டுள்ள சாய்வான பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் உள்ளன. அவற்றின் மீது உருண்டு, சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கியபடி பின்னோக்கி ஏறும். காதுகள் விலகும். விலகிய அந்தக் கணமே ஸ்பிரிங் சுத்தியலை முன்னோக்கியும் சுழலும் திசையிலும் வீசும். பாய்ந்து வரும் சுத்தியல், அடுத்த காதில் ஓங்கி அடிக்கும். பிறகு மீண்டும் பின்வாங்கும், மீண்டும் அடிக்கும். நிமிடத்திற்கு மூவாயிரம் அடிகளுக்கு மேல்!

இதில் கைக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. சாதாரண டிரில்லில் ஸ்குரூ இறுகிவிட்டால், அந்த முறுக்கு முழுவதும் உங்கள் மணிக்கட்டைத் திருப்பும். இம்பாக்ட் டிரைவரில் அடி, சுத்தியலுக்கும் பட்டறைக்கல்லுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. கைக்கு வருவது ஸ்பிரிங்கை அமுக்கத் தேவையான சிறிய முறுக்கு மட்டுமே. ஏணியில் நின்று ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். சுழற்சியும் அடியும் சேர்ந்த கருவிகளில் இரண்டு வகை உண்டு. கல்லில் கையால் துளை போடும் முறையை நினைத்துப் பாருங்கள். நீண்ட உளியை நிறுத்தி, சுத்தியலால் அதன் தலையில் அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் உளியைச் சிறிது திருப்புவார்கள். அடி கல்லை நொறுக்குகிறது. திருப்புதல் அடுத்த அடிக்குப் புதிய இடத்தைக் காட்டுகிறது. இந்த வேலையை இயந்திரம் செய்தால் அது ரோட்டரி ஹேமர். அதில் அடி முன்னோக்கி விழும்.

நாம் வடிவமைக்கும் இம்பாக்ட் டிரைவரில் அடி சுழலும் திசையில் விழுகிறது. இது ஸ்குரூவையும் நட்டையும் முடுக்கவும் கழற்றவும் பயன்படும். கான்கிரீட் சுவரில் துளை போட இதை வாங்கினால் காசு வீண். தகரக் கூரையில் ஸ்குரூ இறக்க ரோட்டரி ஹேமர் வாங்கினாலும் அப்படியே. எந்த வேலை என்று முடிவு செய்த பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

முதல் பாடம்: பேட்டரி

இப்போது எக்ஸெல்லைத் திறந்திடுங்கள். கட்டம் கட்டமாக ஒரு பக்கம் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஏ, பி, சி என்று நெடுவரிசைகளுக்குப் பெயர். இடப்பக்கம் 1, 2, 3 என்று கிடைவரிசைகளுக்கு எண். பி நெடுவரிசையில் 2-ஆவது கட்டத்தை பி2 என்று சொல்கிறோம். ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் அமைப்போம். பேட்டரிக்குள் இருப்பதற்கும் செல் என்றுதான் பெயர். குழப்பம் வராமலிருக்க, எக்ஸெல் செல்லைக் கட்டம் என்றே குறிப்பிடுகிறேன்.

ஏ2-வில் "செல்களின் எண்ணிக்கை" என்று டைப் செய்து, பி2-வில் 5 என்று கொடுங்கள். ஏ3-இல் "ஒரு செல்லின் வோல்ட்", பி3-இல் 3.6. ஏ4-இல் "ஆம்பியர் ஹவர்", பி4-இல் 2.

இந்த 3.6 எங்கிருந்து வந்தது? இந்தக் கருவிகளில் இருப்பவை லித்தியம் அயான் செல்கள். பரவலாகப் பயன்படும் 18650 என்ற செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்தால் இவைதான் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சராசரி வோல்ட் 3.6. முழுதாகச் சார்ஜ் ஆகும்போது 4.2.

இனி முதல் பார்முலா. பி5 கட்டத்தில் கிளிக் செய்து = என்ற சமன் குறியைத் தட்டுங்கள். பிறகு மவுஸால் பி2-வைக் கிளிக் செய்யுங்கள். அடுத்து * என்ற நட்சத்திரக் குறி. எக்ஸெல்லில் பெருக்கலுக்கு இதுதான் அடையாளம். பின் பி3-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 18 என்று விடை வந்துவிட்டதா? உங்கள் கருவியின் வோல்டேஜ் இதுதான். ஏ5-இல் "மொத்த வோல்ட்" என்று பெயர் கொடுத்திடுங்கள்.

இதே முறையில் பி6-இல் பி5-ஐயும் பி4-ஐயும் பெருக்குங்கள். 36 வரும். இது வாட் ஹவர், அதாவது பேட்டரியில் உள்ள மொத்தச் சரக்கு. பி7-இல் பி6-ஐ 3600-ஆல் பெருக்குங்கள். 129600 வரும். இது ஜூல் கணக்கில் அதே சரக்கு. ஒரு மணி நேரத்திற்கு 3600 வினாடி என்பதால் இந்தப் பெருக்கல்.

கடையில் ஒரு சோதனை

இந்தச் சிறிய அட்டவணையே கடையில் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். முதலில் பி3-இல் 3.6-க்குப் பதிலாக 4.2 என்று மாற்றுங்கள். பி5 தானாகவே 21 ஆகிவிடும். எக்ஸெல்லின் சிறப்பே இதுதான். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் மாறும். ஐந்து செல் பேட்டரியைச் சிலர் 18 வோல்ட் என்பார்கள். சிலர் 20 என்பார்கள். சிலர் 21 என்பார்கள். மூன்றும் ஒன்றே என்பது இப்போது புரிகிறதல்லவா? 20 என்பதைப் பார்த்து, 18-ஐ விட வலுவானது என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. மறக்காமல் பி3-ஐ மீண்டும் 3.6 ஆக்கிவிடுங்கள்.

அடுத்து 48, 88 என்ற எண்கள். வேறு ஒரு கட்டத்தில் = 48 / 3.6 என்று தட்டிப் பாருங்கள். 13.3 வரும். அதாவது உண்மையிலேயே 48 வோல்ட் என்றால் குறைந்தது 13 அல்லது 14 செல்கள் உள்ளே இருக்க வேண்டும். 88 வோல்ட் என்றால் ஏறக்குறைய 25 செல்கள். ஒரு 18650 செல்லின் எடை சுமார் 45 கிராம். 25 செல்கள் என்றால் செல்களின் எடை மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். உள்ளங்கையில் அடங்கும், கால் கிலோவுக்குச் சற்று அதிகமான ஒரு பேட்டரியில் 25 செல்கள் எப்படி இருக்க முடியும்? கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னும் எளிதான வழியும் உண்டு. சார்ஜரின் பின்பக்க ஸ்டிக்கரில் அவுட்புட் என்ற இடத்தைப் படியுங்கள். அங்கே 21 வோல்ட் என்று இருந்தால், வரிசையில் உள்ளவை ஐந்து செல்கள்தான். 12.6 என்று இருந்தால் மூன்று செல்கள். பெட்டியின் மேல் எந்த எண் இருந்தாலும் சரி. 48 என்றும் 88 என்றும் எழுதப்பட்ட மலிவான பேட்டரிகள் பலவற்றில் சார்ஜர் 21 என்றுதான் சொல்லும். 'வி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிறியதாக 'எஃப்' என்று சேர்த்து அச்சிட்டிருப்பதையும் பார்க்கலாம். வோல்ட் போலத் தோன்றும். ஆனால் வோல்ட் அல்ல.

அதற்காக 18-க்கு மேல் உள்ள எல்லாமே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய ரம்பம், புல் வெட்டும் கருவி போன்றவற்றில் 36 வோல்ட்டும் அதற்கு மேலும் உண்மையாகவே உண்டு. அவற்றின் பேட்டரி அதற்கேற்பப் பெரியதாகவும் கனமாகவும் இருக்கும். விலையும் அப்படியே இருக்கும்.

இரண்டாம் பாடம்: சுத்தியல்

இனி கருவியின் இதயத்திற்கு வருவோம். கீழே தரப்படும் எண்கள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக் கொண்டவை. எந்த ஒரு கம்பெனியின் கருவியையும் குறிப்பவை அல்ல. சுத்தியலை ஒரு முழு உருளை என்று எளிமையாக வைத்துக் கொள்கிறோம்.

பி9-இல் சுத்தியலின் நிறை 0.2 கிலோ. பி10-இல் அதன் ஆரம் 0.02 மீட்டர், அதாவது 2 சென்டிமீட்டர். பி11-இல் அடிக்கும் தருணத்தில் அதன் வேகம், நிமிடத்திற்கு 3000 சுற்று. இவற்றுக்கு ஏ வரிசையில் பெயர்களைக் கொடுங்கள்.

பி12-இல் பி9 * பி10 * பி10 / 2 என்று பார்முலா அமையுங்கள். சமன் குறியில்தான் தொடங்க வேண்டும். சாய்கோடு வகுத்தலுக்கு அடையாளம். விடை 0.00004. பள்ளிக்கூடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான். சுழலும் பொருளை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு. சிலருக்கு விடையில் 4-க்குப் பின் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் கழித்தல் குறியும் 05-ம் தெரியலாம். தவறு எதுவும் இல்லை. மிகச் சிறிய எண்ணை எக்ஸெல் சுருக்கி எழுதும் முறை அது.

பி13-இல் பி11 * 2 * 3.1416 / 60 என்று கொடுங்கள். 314.16 வரும். நிமிடச் சுற்றை வினாடிக்கான கோண வேகமாக மாற்றியிருக்கிறோம்.

பி14-இல் பி12 * பி13 * பி13 / 2. விடை 1.97. ஒவ்வொரு அடியிலும் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 2 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு அடி விழுமோ, அவ்வளவுதான். இவ்வளவு சிறிய அடியா என்று தோன்றுகிறதா? பொறுங்கள்.

பி15-இல் அடி நீடிக்கும் நேரத்தைக் கொடுங்கள். எஃகும் எஃகும் மோதும் நேரம் மிகக் குறைவு. 0.0001 வினாடி, அதாவது வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்வோம். பி16-இல் பி12 * பி13 / பி15 என்று பார்முலா அமையுங்கள். விடை 125.66. இதுதான் டார்க் எனப்படும் முறுக்கு விசை, நியூட்டன் மீட்டர் அளவில். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 13 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்!

இனி ஒப்பிட்டுப் பார்ப்போம். பி17-இல் நிமிடத்திற்கு 3200 அடிகள். பி18-இல் பி14 * பி17 / 60. விடை 105. அடிகளுக்குச் செலவாகும் பவர் 105 வாட். இதே பவரை, அடியே இல்லாமல், அதே வேகத்தில் நேராகச் சுற்றிக் கொடுத்தால் கிடைக்கும் முறுக்கு எவ்வளவு? பி19-இல் பி18 / பி13 என்று கொடுங்கள். 0.34 வரும். 125-ஐயும் 0.34-ஐயும் பாருங்கள். ஏறக்குறைய 375 மடங்கு! பேட்டரி பெரிதாகவில்லை, மோட்டார் பெரிதாகவில்லை. ஆற்றலைக் கொடுக்கும் நேரத்தை மட்டும் சுருக்கினோம்.

பி15-இல் 0.0001-ஐ 0.0005 என்று மாற்றிப் பாருங்கள். டார்க் 25-க்கு இறங்கிவிடும். மரத்தில் இறக்கும் நீண்ட ஸ்குரூ அடியின் வேகத்தை மெத்தை போல வாங்கிக் கொள்ளும்; அடி நீடிக்கும் நேரம் கூடும். இரும்புச் சட்டத்தில் உள்ள போல்ட் அப்படி இளகாது. பெட்டியில் போட்டிருக்கும் டார்க், கருவி எட்டக்கூடிய உச்ச அளவு. எல்லா வேலையிலும் அது கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாம் பாடம்: ஒரு சார்ஜுக்கு எத்தனை ஸ்குரூ?

வாங்குபவருக்கு உண்மையில் தேவையான எண் இதுதான். பி21-இல் பேட்டரியிலிருந்து எடுக்கும் பவர் 250 வாட். அடிக்கு 105 வாட்தானே, மீதி எங்கே போகிறது? பல்சக்கர உராய்வு, மோட்டார் சூடு, சத்தம், திரும்பித் துள்ளும் சுத்தியல் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பி22-இல் ஒரு ஸ்குரூவுக்கு ஆகும் நேரம் 1.5 வினாடி. பி23-இல் 0.85; பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்வதில்லை என்பதால் 85 சதவீதம் மட்டும் கணக்கில் எடுக்கிறோம்.

பி24-இல் பி7 * பி23 / பி21 / பி22 என்று கொடுங்கள். 293.76 வரும். ஏறக்குறைய 290 ஸ்குரூ. ஒரு கூரைக்கு 600 ஸ்குரூ தேவை என்றால் மூன்று பேட்டரியாவது வேண்டும், அல்லது நடுவில் சார்ஜ் செய்ய வழி வேண்டும். பி4-இல் 2-க்குப் பதிலாக 4 கொடுத்தால் ஸ்குரூ எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஆனால் செல்களும் பத்தாகும், எடையும் கூடும். நாள் முழுவதும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கப் போவது நீங்கள்தான். வடிவமைப்பு என்பதே இந்தப் பேரம்தான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று விட்டுக் கொடுக்க வேண்டும்.

பி25-இல் பி21 / பி5 என்று கொடுங்கள். 13.9 ஆம்பியர். கடினமான தருணங்களில் இது இன்னும் பல மடங்கு எகிறும். இதனால்தான் கருவிப் பேட்டரியில் அதிகக் கரண்ட் தாங்கும் தனி ரகச் செல்களைப் போடுகிறார்கள். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்கள் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும், பெரும்பாலும் சில ஆம்பியருக்கு மட்டுமே ஏற்றவை. அவற்றைக் கருவிப் பேட்டரியில் போட்டு ரிப்பேர் செய்தால் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. விலை குறைவு என்பதற்காக இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கருவிக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்

உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் மேல் சுழலும் மின்விசிறியில் பிரஷ் இல்லாத டிசி மோட்டார் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்றுவதும் அதே வகைதான். நல்ல இம்பாக்ட் டிரைவர்களிலும் இப்போது அதே வகை மோட்டார்தான். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து, பொறி பறந்து, சக்தி வீணாகும். புதிய வகையில் அந்த வேலையை ஒரு சிறிய மைக்ரோ கன்ட்ரோலர் சிப் செய்கிறது. காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சென்சார்கள் சொல்ல, எந்தக் கம்பிச்சுருளுக்கு எப்போது கரண்ட் தர வேண்டும் என்று அந்தச் சிப் முடிவு செய்கிறது. ஆறு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் ஸ்விட்ச் போல மாறி மாறித் திறந்து மூடுகின்றன.

விசையை லேசாக அழுத்தினால் மெதுவாகவும், முழுதாக அழுத்தினால் வேகமாகவும் சுற்றுவது இந்தச் சிப்பின் வேலைதான். பேட்டரி அளவுக்கு மேல் சூடானாலோ, வோல்டேஜ் மிகவும் இறங்கினாலோ கருவியை நிறுத்துவதும் எலக்ட்ரானிக் பாதுகாப்பின் வேலை. வேலைக்கு நடுவில் கருவி தானாக நின்றால் கோபப்படாதீர்கள். அது செல்களைக் காப்பாற்றுகிறது. மலிவான பேட்டரிகளில் முதலில் விட்டுவிடப்படுவது இந்தப் பாதுகாப்புதான்.

நிலாவில் துளை போட்ட கணக்கு

எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து வடிவமைப்பது வெறும் விளையாட்டு அல்ல. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-இல் வயர் இல்லாத டிரில்லைக் கொண்டு வந்தது. அதன் பின், நாசாவின் அப்போலோ திட்டத்திற்காக ஒரு வேலை வந்தது. நிலாவின் தரையில் மூன்று மீட்டர் ஆழம் வரை துளை போட வேண்டும். பிளக் செருக இடமில்லை. பேட்டரியில்தான் ஓட வேண்டும். சுழன்று கொண்டே முன்னோக்கி அடிக்கும் கருவி, அதாவது மேலே பார்த்த ரோட்டரி ஹேமர் வகை, இதற்காக உருவாக்கப்பட்டது. அதன் மோட்டார் மிகக் குறைந்த கரண்டில் இயங்க வேண்டும் என்பதற்காக அந்த நிறுவனம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமையே எழுதிப் பயன்படுத்தியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1979-இல் கடைக்கு வந்த டஸ்ட் பஸ்டர் என்ற கையடக்க வேக்குவம் கிளீனர்.

இதில் ஒரு பாடமும் உண்டு. 1971-இல் அப்போலோ 15-இல் சென்ற டேவிட் ஸ்காட் அந்தக் கருவியால் துளையிட்டபோது, நினைத்த ஆழத்திற்கு இறங்கவில்லை. தண்டைச் சுற்றியுள்ள திருகுப் பள்ளம் வழியாகத்தான் மண் மேலே வர வேண்டும். தண்டின் துண்டுகள் சேரும் மூட்டுகளில் அந்தப் பள்ளம் சரியாகத் தொடரவில்லை. மண் அடைத்துக் கொண்டது. 1972-இல் அடுத்த பயணத்திற்கு முன் தண்டைத் திருத்தினார்கள், துளை இறங்கியது. மோட்டாரும் பேட்டரியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேலையைத் தொடும் முனை சரியில்லை என்றால் பயனில்லை. உங்கள் கருவிக்கும் இது பொருந்தும். இம்பாக்ட் டிரைவரில் சாதாரண பிட் மாட்டினால் சீக்கிரம் உடையும் அல்லது ஸ்குரூவின் தலையைத் தின்றுவிடும். இம்பாக்ட் வேலைக்கென்றே தயாரிக்கப்பட்ட பிட்டையே வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியிடம் காட்டாதீர்கள்

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புதுக் கருவி கையில் இருக்கிறது என்ற உற்சாகத்தில், கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறக்கவும் மதர்போர்டு ஸ்குரூவை முடுக்கவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சிறிய ஸ்குரூகளுக்கு ஒரு நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்கே போதும். நம் கணக்கில் வந்ததோ 125. மறை அழியும், போர்டு விரிசல் விடும், அடிகளின் அதிர்ச்சி ஹார்ட் டிஸ்க்கையும் கெடுக்கலாம். அதற்கு நல்ல கை ஸ்குரூ டிரைவர் போதும். கருவியை இயக்கும்போது கண்ணாடி அணிவதும், மூடிய அறையில் காதை அடைத்துக் கொள்வதும் நல்லது. அடியின் சத்தம் கடுமையாக இருக்கும்.

செய்து பாருங்கள்

கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயைத் தட்டி, இந்த ஒர்க்ஷீட்டை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். பிறகு இந்த மூன்று பயிற்சிகளையும் செய்து பாருங்கள்.

ஒன்று: பி2-வில் 3 கொடுங்கள். 12 வோல்ட் என்று விற்கப்படும் சிறிய கருவி இதுதான். மொத்த வோல்ட் 10.8 என்று வரும். ஸ்குரூ எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு மட்டும் என்றால் அதுவே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

இரண்டு: பி10-இல் ஆரத்தை 0.02-லிருந்து 0.025 ஆக்குங்கள். அரை சென்டிமீட்டர்தான் கூடியது. டார்க் எவ்வளவு எகிறுகிறது என்று பாருங்கள். பிறகு பி10-ஐ 0.02 ஆக்கிவிட்டு, பி9-இல் நிறையை 0.25 ஆக்கிப் பாருங்கள். ஆரமும் நிறையும் ஒரே விகிதத்தில் கூடின. ஆனால் பலன் ஒன்றா? ஏன் என்பதற்கான விடை பி12-இன் பார்முலாவில் இருக்கிறது.

மூன்று: உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தச்சரிடமோ உள்ள பேட்டரி கருவியின் சார்ஜரைத் திருப்பி, அவுட்புட் வோல்ட்டைப் படியுங்கள். அதை 4.2-ஆல் வகுத்து, செல்களின் எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள். வந்த எண்ணைப் பேட்டரியின் மேல் எழுதியுள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால், அடுத்த முறை அவர் கடைக்குப் போகும் முன் உங்கள் ஒர்க்ஷீட்டை ஒருமுறை காட்டிவிடுங்கள்.